மடிந்து கிடக்கும், மாடி உயரம் ஏற்றும்!

கடை வாசலில் இழுத்துப் பூட்டும் இரும்புக் கதவைப் பார்த்திருப்பீர்கள். அதில் பட்டைக் கம்பிகள் பெருக்கல் குறி போலக் கோத்திருக்கும். கதவை ஓரமாகத் தள்ளினால் என்ன ஆகிறது? அந்தப் பெருக்கல் குறிகள் ஒடுங்கி, உயரமாக நிமிர்ந்துவிடுகின்றன.

இதே வித்தையால் ஆளையும் சரக்கையும் உயரே தூக்குகிறது ஓர் இயந்திரம். அதன் பெயர் 'சிசர் லிப்ட்'. சிசர் என்றால் கத்திரிக்கோல். பொருத்தமான பெயர்தான்!

விமானத்தில் தரும் சாப்பாடு எப்படி மேலே ஏறுகிறது, தெரியுமா? ஒரு லாரி வந்து நிற்கும். அதன் கூண்டு அப்படியே எழும்பி, விமானத்தின் கதவுக்கு நேராகப் போய் நிற்கும். கூண்டுக்கு அடியில் பார்த்தால், கத்திரிக்கோல் கால்கள்! கிடங்குகளிலும், கார் பழுது பார்க்கும் இடங்களிலும், உயரமான கூரையில் விளக்கு மாட்டும்போதும் இதைக் காணலாம்.

தூக்குவது எண்ணெய்

மின்சார மோட்டார் பம்பை ஓட்டும். பம்பு எண்ணெயை ஓர் உருளைக்குள் அழுத்தும். உருளையில் இருந்து தண்டு வெளியே வந்து கால்களை நெம்பும். இறங்குவதற்குப் பெரும்பாலும் மோட்டாரே வேண்டாம். வால்வைத் திறந்தால், மேலே உள்ள பாரமே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

இதில் ஒரு விந்தை. இயந்திரம் திணறுவது உச்சியில் அல்ல, புறப்படும்போதுதான்! ஓரடுக்குக் கால்கள் உள்ள லிப்டை, அடியில் படுக்கைவாட்டில் தள்ளித் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். கால்கள் 45 டிகிரி சாய்வில் நிற்கும்போது 1,000 கிலோ பாரத்துக்கு அதே அளவு தள்ளுவிசை போதும். 10 டிகிரியில் படுத்திருக்கும்போதோ சுமார் 5,670 கிலோ வேண்டும்! அதனால்தான் பல லிப்டுகளில் உருளையைச் சாய்வாகப் பொருத்துகிறார்கள்.

உச்சியில் ஆபத்து

மனிதனுக்கு ஆபத்து மேலே போகப் போகத்தான் அதிகம். அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் உள்ள நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில், 2010 அக்டோபர் 27-ந் தேதி கால்பந்துப் பயிற்சி நடந்தது. அதைப் படம்பிடிக்க 20 வயது மாணவர் ஒருவர் சிசர் லிப்டில் ஏறி நின்றார். காற்று மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் சுழன்று அடித்தது. லிப்ட் சாய்ந்தது. மாணவர் இறந்துபோனார்.

வெட்டவெளிக்கென்றே செய்த லிப்டானாலும், காற்று மணிக்கு சுமார் 45 கிலோமீட்டருக்குள் இருக்கும்போதுதான் பொதுவாக ஏறலாம் என்கிறது அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு இலாகா.

காற்று மட்டுமா? ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் லிப்ட் கவிழலாம். கீழே நிற்பவர்களும் கால்களுக்கு இடையே கை விடக் கூடாது. பழுது பார்க்கிறவர்கள் முதலில் இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டே உள்ளே கை வைப்பார்கள். இது இறங்குவதற்கு மோட்டார் வேண்டாம் என்று சொன்னோமே, நினைவிருக்கிறதா?