வானலைகளின் பங்கீடும் நாடுகளுக்கிடையே நீதியும்

நிலத்தையும் நீரையும் பங்கிடுவதில் எழும் வழக்குகளை நாம் நன்கு அறிவோம். எல்லைக்கல் இரவோடு இரவாக இடம் மாறுவதும், மேல்மடையில் உள்ளவர் நீரை அடைத்துக் கொள்ளக் கடைமடைப் பயிர் கருகுவதும், ஊருக்குப் பொதுவான புறம்போக்கை வலியோர் வளைத்துக் கொள்வதும் நம் மக்களுக்குப் பழகிப்போன துன்பங்கள். கண்ணுக்குப் புலப்படாத பொதுச் சொத்து ஒன்றைக் குறித்தும் இத்தகைய வழக்கு உலக நாடுகளிடையே நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் செயற்கைக்கோளும் இயங்குவதற்கு ஆதாரமான வானலைகளே அச்சொத்து. அதனைப் பங்கிடும் சட்டம் எவ்வாறு தோன்றியது, யாருக்குச் சாதகமாக அமைந்தது, பிந்தி வந்த ஏழை நாடுகள் தம் பங்கை எவ்வாறு கோரின, இன்று அவ்வழக்கு எந்நிலையில் உள்ளது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். இது பொறியியலாருக்கே உரிய நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. யாருடைய குரல் கேட்கப்படும், எந்தக் கிராமத்திற்குச் செய்தி எட்டும் என்பவற்றை இச்சட்டமே பெரிதும் முடிவு செய்கிறது.

1. பங்கிடப்படும் பொருள்

வானலைகள் தோண்டி எடுக்கும் கனிப்பொருளைப் போன்றவை அல்ல. பயன்படுத்துவதால் அவை குறைவதில்லை. ஒரு நிலையம் தன் ஒலிபரப்பை நிறுத்தியவுடன் அது பயன்படுத்திய அலைவரிசை பழுதின்றி அடுத்தவருக்குக் கிடைக்கிறது. ஆயினும் ஒரே வட்டாரத்தில், ஒரே அலைவரிசையில், ஒரே வேளையில் இருவர் பேச முற்பட்டால் இருவர் பேச்சும் கேட்பவருக்குத் தெளிவாக எட்டாது. ஆகவே அது தேயாத பொருளாயினும் அளவுக்குட்பட்ட பொருள். மேலும், அலைகள் நாட்டின் எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் விருப்பப்படி செய்வது அண்டை நாட்டின் செய்தித் தொடர்பைக் கெடுக்கக்கூடும். இவ்விரு இயல்புகளால், இத்துறைச் சட்டம் தொடக்கம் முதலே நாடுகள் கூடி வகுக்கும் சட்டமாக இருக்க வேண்டியதாயிற்று.

2. ஒழுங்கு தோன்றிய வரலாறு

வானலைகளுக்கு முன்னரே, கம்பி வழிச் சென்ற தந்தி நாடுகளை ஒரு மேசைக்கு அழைத்து வந்தது. 1865ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பாரிஸ் நகரில் 20 நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையினால் பன்னாட்டுத் தந்தி ஒன்றியம் தோன்றியது. இன்று ஜெனீவாவிலிருந்து இயங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதன் வழிவந்ததே.

கம்பியில்லாத் தந்தி வந்தபோது எழுந்த முதற் சிக்கல் ஏகபோகம் பற்றியது. மார்க்கோனி கம்பெனியின் நிலையங்கள் வேறு கருவிகளைக் கொண்ட கப்பல்களோடு செய்தி பரிமாற மறுத்து வந்தன. 1902இல் ஜெர்மானியப் பேரரசரின் தம்பி இளவரசர் ஹென்றி அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப முயன்றபோது, கப்பலின் கருவி வேறு வகையினது என்ற காரணத்தால் அச்செய்தி ஏற்கப்படவில்லை. 1903இல் பெர்லினில் ஆயத்த மாநாடு கூடியது; 1906இல் அங்கேயே வானொலித் தந்தி உடன்படிக்கை நிறைவேறியது. கருவி எவருடையதாயினும் கரையிலுள்ள நிலையங்கள் கப்பல்களின் செய்தியை ஏற்றல் வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. மார்க்கோனி கம்பெனியின் நலன்களோடு தொடர்புடைய பிரிட்டனும் இத்தாலியும் இவ்விதியை ஏற்கத் தயங்கியது வியப்பன்று. ஆபத்துக் காலக் குறியீடாக எஸ்.ஓ.எஸ். என்பதும் அங்கேதான் ஏற்கப்பட்டது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருகில் இருந்த கலிஃபோர்னியன் என்னும் கப்பலில் தந்தியாளர் ஒருவரே இருந்தார். அவரும் பணி முடித்து உறங்கச் சென்றுவிட்டமையால் அபயக்குரல் அங்குக் கேட்கப்படவில்லை. அதே ஆண்டில் இலண்டனில் கூடிய மாநாடு, அபாயச் செய்திகளுக்குப் பொது அலைநீளம் ஒன்றை வகுத்ததுடன், கப்பல்கள் குறித்த இடைவெளிகளில் மௌனமாயிருந்து பிறர் குரலுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. 1927இல் வாஷிங்டன் மாநாடு எந்தப் பணிக்கு எந்த அலைக்கற்றை என்னும் அட்டவணையை வகுத்தது. 1932இல் மாட்ரிட் நகரில் தந்திக்கும் வானொலிக்கும் இருந்த உடன்படிக்கைகள் ஒன்றாக்கப்பட்டன.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை புலனாகிறது. கட்டுப்பாடு என்பது பேசுவோரின் உரிமையைப் பறிக்க வந்ததன்று. வலியவன் ஒருவன் பிறர் குரலை அடைத்துவிடாதபடி காக்கவே அது முதலில் எழுந்தது.

3. முந்தியவருக்கே முதலிடம்

எனினும் அச்சட்டத்தினுள் ஒரு குறை பொதிந்திருந்தது. ஒரு நாடு தான் பயன்படுத்தும் அலைவரிசையை ஒன்றியத்திற்கு அறிவித்துப் பதிவு செய்துகொண்டால், பின்னர் வருவோர் அதற்கு இடையூறு செய்தலாகாது என்பதே நடைமுறை. 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய மாநாடு இப்பதிவைக் கண்காணிக்கத் தனிக் குழு ஒன்றை நிறுவியது. ஒழுங்கு என்ற அளவில் இது நியாயமான விதியே. ஆனால் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை அம்மாநாடு நடந்து கொண்டிருக்கையில்தான் இந்தியா விடுதலை பெற்றது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளுள் பெரும்பாலானவை அப்போது அந்நியர் ஆட்சியின் கீழ் இருந்தன. அவை விடுதலை பெற்று வானொலி நிலையம் நிறுவ வந்தபோது, தொலைதூர ஒலிபரப்புக்கு உகந்த சிற்றலைகளில் வல்லரசுகளின் நிலையங்கள் நிறைந்திருந்தன. அவற்றைப் புதிதாகப் பங்கிடுவதற்கென்றே 1984லும் 1987லும் மாநாடுகள் கூடின. ஆயினும் எல்லாரும் ஏற்கத்தக்க திட்டம் உருவாகவில்லை. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்னும் விதி எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றினும், ஓட்டப் பந்தயம் தொடங்கியபோது கால்கள் கட்டப்பட்டிருந்தவர்களுக்கு அது நீதியாகாது.

4. விண்ணில் ஒரு வளையம்

இவ்வழக்கு மிகக் கூர்மையடைந்தது செயற்கைக்கோளின் வரவினாலேயாகும். நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமியோடு ஒத்த வேகத்தில் திரும்புவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். இவ்விடத்திலிருந்து உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்பதை 1945இல் விளக்கி எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க், அவர் 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். இவ்வளையம் ஒன்றே ஒன்று. ஒரே அலைக்கற்றையைப் பயன்படுத்தும் கோள்கள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாதிருக்க இடைவெளி வேண்டும். ஆதலால் அதில் நிற்கும் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

ஏழை நாட்டுக்கு இவ்விடம் எத்துணை மதிப்புடையது என்பதை இந்தியா விரைவிலேயே கண்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் கோள் ஒன்றை இரவலாகப் பெற்று, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, நலவாழ்வு, கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் நேரடியாக அனுப்பப்பட்டன. நெடுங்கம்பி எட்டாத ஊர்களுக்கும் விண்வழிச் செய்தி எட்டியது. ஆனால் ஓராண்டு முடிந்ததும் இரவல் கோள் திரும்பப் பெறப்பட்டது.

1967இல் நிறைவேறிய விண்வெளி உடன்படிக்கை, விண்வெளியை எந்த நாடும் தனக்குரியதாக்கிக் கொள்ளலாகாது என்று விதித்தது. ஆனால் உடைமை கொள்ளலாகாது என்ற விதி மட்டுமே இருந்து பங்கீட்டு விதி இல்லையாயின், வசதி உடையவர் வந்து அமர்ந்து கொள்வதை எது தடுக்கும்? இக்கேள்வியின் விளைவாக, 1973இல் ஸ்பெயினில் கூடிய ஒன்றிய மாநாடு வானலைகளையும் இவ்வளையத்தையும் அளவுக்குட்பட்ட இயற்கைச் செல்வங்கள் என ஏற்று, எல்லா நாடுகளுக்கும் அவை நேர்மையான முறையில் கிட்டவேண்டும் எனத் தன் சாசனத்தில் எழுதியது. 1976 டிசம்பரில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் நிலநடுக்கோட்டு நாடுகள் கூடி, தத்தம் நிலப்பரப்பிற்கு மேலுள்ள வளையப் பகுதி தமக்கே உரியது என்று அறிக்கை வெளியிட்டன. கொலம்பியா, எக்வடோர், காங்கோ, கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலியவை அவற்றுள் அடங்கும். இவ்வுரிமைக் கோரிக்கையைப் பிற நாடுகள் ஏற்கவில்லை. விண்வெளி உடன்படிக்கையோடு அது முரண்படுகிறது என்பதும் உண்மையே. எனினும், அக்கோரிக்கையின் பின்னிருந்த அச்சம் பொய்யன்று. 1980இல் யுனெஸ்கோவிற்கு ஷான் மக்பிரைடு தலைமையிலான ஆணைக்குழு அளித்த அறிக்கையும், வானலைகளும் இவ்வளையமும் மனிதகுலத்தின் பொதுச் செல்வமாக மேலும் நேர்மையுடன் பங்கிடப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இம்முறையீடுகள் வீண்போகவில்லை. 1985, 1988 ஆண்டுகளில் இரு கூட்டங்களாக நடந்த மாநாடு, குறிப்பிட்ட சில அலைக்கற்றைகளில் ஒவ்வொரு நாட்டிற்கும் வளையத்தில் குறைந்தது ஓர் இடத்தை ஒதுக்கித் திட்டம் வகுத்தது. இன்று கோள் செலுத்த இயலாத நாட்டிற்கும் நாளைக்கென ஒரு பங்கு காத்து வைக்கப்படும் என்பதே அதன் பொருள். முந்தியவருக்கே முதலிடம் என்ற விதியின் நடுவே, பிந்தி வருபவனுக்கென ஓர் இடம் விடப்பட்டது இதுவே எனலாம்.

பங்கு பெற்ற அளவில் நீதி நிறைவேறிவிடுவதில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. அத்திட்டத்திற்கு உட்படாத இடங்களில் பழைய விதியே தொடர்ந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களே வாழும் தொங்கா என்னும் தீவு நாடு 1980களின் இறுதியில் 16 இடங்களுக்கு விண்ணப்பித்து, எதிர்ப்புக்குப் பின் 6 இடங்களைப் பெற்றது. அவற்றைப் பிறருக்கு வாடகைக்கு விடவும் முற்பட்டது. ஏட்டளவில் மட்டுமே உள்ள கோள்களுக்கு இடம் பிடித்து வைக்கும் வழக்கம் பரவியதால், குறித்த ஆண்டுகளுக்குள் பயன்படுத்தாவிடில் உரிமை நீங்கும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. இன்று அக்கெடு ஏழு ஆண்டுகளாகும்.

5. ஏலமா, ஒதுக்கீடா?

நாடுகளுக்கிடையே எழுந்த கேள்வியே ஒவ்வொரு நாட்டினுள்ளும் எழுந்தது. வானலைகளை விலைக்கு விடலாம் என்னும் கருத்தை 1959இல் பொருளியலறிஞர் ரொனால்டு கோஸ் விரிவாக வாதித்தார். அமெரிக்காவில் 1994 முதல் ஏலம் நடைமுறைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டன் நடத்திய ஏலத்தில் 2,200 கோடி பவுனுக்கும் மேற்பட்ட தொகை கிடைத்தது.

இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்றும், மக்கள் நலன் கருதியே அவை ஆளப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2008இல் முந்தி வந்தவருக்கு முதலில் என்ற முறையில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை அதே நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் இரத்துச் செய்தது. உலக அரங்கில் ஏழை நாடுகள் எந்த விதியைக் குறைகூறினவோ, அவ்விதியே இங்கும் குற்றமுடையதாகக் காணப்பட்டது கருதத்தக்கது. எனினும் அதே ஆண்டு செப்டம்பரில், ஏலம் ஒன்றே அரசியல் சட்டம் ஏற்கும் வழி அன்று என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஏலத்தைப் பொது விதியாகக் கொண்டு, செயற்கைக்கோள் வழிச் சேவைகள் உள்ளிட்ட சிலவற்றிற்கு அரசின் நேரடி ஒதுக்கீட்டை அனுமதிக்கிறது. ஏலம் கருவூலத்தை நிரப்பும். கையூட்டையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அதிகப் பணம் தருபவர் அதிகத் தேவையுள்ள ஊருக்குச் செல்வார் என்பதற்கு அதில் உறுதி இல்லை. அதற்குத் தனிக் கடப்பாடுகளைச் சட்டமே விதித்தல் வேண்டும்.

6. மீண்டும் தொடங்கிய பந்தயம்

1988இன் திட்டம் உயர்ந்த வளையத்தைப் பற்றியது. இப்போதைய போட்டியோ தாழ்ந்த சுற்றுப்பாதைகளைப் பற்றியது. 2019 முதல் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சிறு கோள்களைக் கூட்டங்கூட்டமாகச் செலுத்தி வருகிறது. 2024 முடிவுக்குள் விண்ணில் இருந்த அதன் கோள்கள் 6,000க்கும் மேற்பட்டவை. இவை ஓரிடத்தில் நில்லாது உலகைச் சுற்றுவதால், நாட்டுக்கு ஓரிடம் என ஒதுக்கும் முறை இங்குப் பொருந்தாது. மீண்டும் பதிவின் முந்துரிமையே ஆட்சி செய்கிறது. 2021இல் ருவாண்டா மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கோள்களுக்கு விண்ணப்பம் அளித்தமை இம்முறையின் நிலையைக் காட்டும். 2019இல் எகிப்தில் கூடிய உலக வானொலி மாநாடு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. ஏழாண்டுக் கெடு முடிந்த பின் இரண்டாண்டுகளில் பத்தில் ஒரு பங்கும், ஐந்தாண்டுகளில் பாதியும், ஏழாண்டுகளில் முழுமையும் செலுத்தப்படல் வேண்டும். இல்லையேல் உரிமை சுருங்கும். இது வீண் பதிவைத் தடுக்கும். ஆனால் பணபலம் உடையவர் உண்மையாகவே அனைத்தையும் செலுத்திவிட்டால், பிந்தி வருபவருக்கு எஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

7. முடிவுரை

தாழ்ந்த பாதைக் கோள்களால் மலையூர்களுக்கும் தீவுகளுக்கும் இணையத் தொடர்பு கிட்டுகிறது. அது மெய்யான நன்மை. கடைமடைக்கு நீர் வருகிறது என்பதற்காக, மடையின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்று கேட்காமல் இருத்தலும் தகாது. ஒரு சேவையைத் தருபவர் ஒருவரேயாயின், கட்டணமும் அவர் வைத்ததே. தொடர்பைத் துண்டிக்கும் அதிகாரமும் அவருடையதே.

பன்னாட்டு ஒன்றியத்திற்குக் காவற்படை இல்லை. நாடுகளின் இசைவே அதன் வலிமை. அங்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதனாலேயே 1973லும் 1988லும் ஏழை நாடுகளின் சொல் சட்டமாயிற்று. அவை ஒன்றுபட்டு, தெளிவாக அறிந்து, பொறுமையோடு வாதாடியதன் பயன் அது. இவ்வறிவு நிபுணரிடம் மட்டும் தங்கிவிடுமாயின், பங்கீடும் அவர்களை அமர்த்தியவர் விருப்பப்படியே முடியும். சமுதாய நீதியைக் குறித்துப் போதிக்கவும் கற்கவும் முற்படும் நாம், நிலத்தையும் நீரையும் பற்றிக் கேட்கும் கேள்விகளை வானலைகளைப் பற்றியும் கேட்கப் பழகுதல் வேண்டும்: இது யாருடையது, யார் பயன் பெறுகின்றனர், இன்னும் வந்து சேராதவனுக்கு எவ்வளவு விட்டு வைக்கப்பட்டுள்ளது?