'தெரியல மிஸ்'... பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா? இலக்கிய வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?

பெங்களூரு ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளி எல்லைக்கு முன்பாக வருகிறது சந்தாபுரா. பக்கத்திலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. வேலைக்காக வந்து தங்கிய குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. இங்கே ஒரே பெஞ்சில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளையும், தமிழ் பேசும் பிள்ளையும், தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். பாடமோ ஆங்கிலத்தில் நடக்கும்.

இப்படி ஒரு வகுப்பில் ஆசிரியர் ஒரு கதையை வாசித்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "என்ன தோணுது, சொல்லுங்க" என்கிறார். எப்போதும் கை தூக்கும் மூன்று பேர் இப்போதும் தூக்குகிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வரும் பதில்: "தெரியல மிஸ்."

உண்மையிலேயே தெரியவில்லையா, அல்லது தெரிந்ததைச் சொல்ல வழி இல்லையா? இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால், யோசிக்கும் பிள்ளைக்கும் 'டல் ஸ்டூடன்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் பேச மாட்டேங்கிறாங்க?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். இரண்டு, மொழி. மனதில் தமிழிலோ கன்னடத்திலோ தோன்றியதை ஆங்கிலத்தில் கோர்ப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். மூன்றாவது காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை: கேட்கப்படும் கேள்வியிலேயே பேச ஒன்றும் இருக்காது.

ஒரே கதை, இரண்டு கேள்விகள்

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படித்தவர்களுக்கு 'எ லெட்டர் டு காட்' கதை தெரிந்திருக்கும். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'டில் உள்ள மெக்சிகோ கதை. ஆலங்கட்டி மழையில் பயிரை இழந்த விவசாயி லெஞ்சோ, 100 பேசோ கேட்டு கடவுளுக்குக் கடிதம் போடுகிறான். அதைப் பார்த்த தபால் அலுவலக அதிகாரி, தன் சம்பளத்தில் கொஞ்சம் போட்டு, மற்றவர்களிடமும் வசூலித்து அனுப்புகிறார். கையில் கிடைத்தது 70 பேசோ. மீதியை தபால்காரர்கள் திருடிவிட்டதாக நினைக்கிறான் லெஞ்சோ.

"லெஞ்சோ எவ்வளவு பணம் கேட்டான்?" இதற்கு ஒரே பதில்தான். ஒருவர் சொன்னதும் வகுப்பு முடிந்தது.

"உதவி செய்தவர்களையே திருடர்கள் என்கிறானே, லெஞ்சோ மேல் உங்களுக்குக் கோபம் வருதா? கதையில் எந்த இடத்தைப் படித்தபோது அப்படித் தோணுச்சு?" இதற்கு முப்பது பதில் வரலாம். கேட்ட சம்பளம் முழுசாக வராத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, 70 பேசோவைப் பார்த்ததும் லெஞ்சோவுக்கு வந்த கோபம் புரியும். முதல் ரேங்க் மாணவருக்குத் தோன்றாத ஒன்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றலாம். கேட்டால்தானே தெரியும்?

மூன்று நொடி பொறுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை. ஆனால் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே யோசிக்கும் பிள்ளைக்கு இலக்கிய வகுப்பிலும் இந்த மூன்று நொடி ரொம்பப் பெரிய உதவி.

முதலில் பக்கத்து சீட்டில் பேசட்டும்

அமெரிக்கப் பேராசிரியர் ஃபிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்த எளிய முறை இது. முதலில் தனியாக யோசி. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு. அதற்கப்புறம் வகுப்புக்குச் சொல். நாற்பது பேர் முன்னால் பேசத் தயங்கும் பிள்ளை, ஒருவரிடம் பேசிவிடும்.

சந்தாபுரா மாதிரி ஊரில் இதில் ஒன்றைச் சேர்க்கலாம். ஜோடியாகப் பேசும்போது எந்த மொழியிலும் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். கருத்து முதலில் உருவாகட்டும். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆசிரியர் உதவலாம்.

அப்போ எதைச் சொன்னாலும் சரியா?

இல்லை. லூயிஸ் ரோசன்பிளாட் 1938-இல் எழுதிய 'லிட்ரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளோரேஷன்' நூல், வாசகரின் அனுபவமும் சேர்ந்துதான் பொருள் உருவாகிறது என்று வாதிட்டது. அதற்காக எல்லா வாசிப்பும் சமம் என்று அவர் சொல்லவில்லை. படைப்பில் ஆதாரம் இருக்க வேண்டும்.

எனவே வகுப்பில் இரண்டு விதி போதும். "ஏன் அப்படிச் சொல்றே, கதையில் எங்கே இருக்கு?" என்று கேட்கலாம். அடுத்துப் பேசுபவர், முன்னவர் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். பட்டிமன்றம் போல ஜெயிப்பதற்காகப் பேசுவது இங்கே வேலைக்கு ஆகாது. "நான் முதல்ல நினைச்சது மாறிடுச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைப் பாராட்டுங்கள்.

இது மேல்நாட்டு யோசனைதானே?

பவணந்தி முனிவரின் நன்னூல் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு இலக்கண நூல். கோலாரோடு தொடர்புடைய கங்க மரபைச் சேர்ந்த சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. அந்தக் கோலார், சந்தாபுராவிலிருந்து அதிக தூரம் இல்லை.

நன்னூல் ஒரு கணக்கு சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டு மனதில் கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வருகிறது. இந்தக் கணக்குப்படி, மாணவர்கள் வாய் திறக்காத வகுப்பில் முக்கால் பங்கு படிப்பு நடக்கவே இல்லை.

மார்க் வருமா? சிலபஸ் முடியுமா?

நியாயமான கவலை. ஆனால் தேர்வும் மாறி வருகிறது. மனப்பாடத்தைக் குறைத்து அடிப்படைத் திறன்களைச் சோதிக்க வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வில் பாதி அளவுக்குத் திறன் அடிப்படையிலான கேள்விகள் வருகின்றன. ஆங்கிலத்தில் கேட்டல், பேசுதல் திறனுக்கு அக மதிப்பீட்டில் 5 மதிப்பெண் உண்டு. எல்லாப் பாடத்துக்கும் விவாதம் தேவையில்லை. வாரம் ஒரு கேள்வி, பத்து நிமிடம். தொடங்க அது போதும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சு?" என்பதோடு நிறுத்தாமல், "அந்தக் கதையை எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடித்ததும் "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்கள். மூன்று நொடியாவது.