சங்கிலி வேண்டாம் என்கிறது சட்டம், பூட்டு விழுந்ததா?

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே. அந்த விடுமுறைக்கு டிரெய்லரோடு கிளம்பத் தயாராகும் அமெரிக்க வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்குப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயமா?

கலிஃபோர்னியாவில் இல்லை. இழுத்துச் செல்லும் வண்டிகளுக்குச் சங்கிலியோ கம்பிவடமோ கேட்கும் வாகனச் சட்டப் பிரிவு 29004, கிங்பின் எனும் டிரெய்லரின் முன்பக்க முளையில் பூட்டும் ஃபிஃப்த் வீலுக்கு விலக்கு தருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. சாதாரண டிரெய்லர் கழன்றால் முன்நுனி சாலையில் குத்தும். குறுக்காக மாட்டிய சங்கிலிகள் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஃபிஃப்த் வீலின் முன்பாரமோ பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. கழன்றால் தொட்டியின் பக்கச்சுவர்கள் மேல் விழும். சங்கிலிக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

ஆக, முழுப் பொறுப்பும் பூட்டின் தலையில். என்னை உறுத்துவது இதுதான். மாட்டியதும் பூட்டு தானாக விழ வேண்டும், கையால் விடுவிக்காமல் பிரியக் கூடாது என்கிறது கூட்டாட்சி விதி 393.70. படிக்கத் தைரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வணிக வாகனங்களுக்கான விதி. சொந்த டிரெய்லரில் சுற்றுலா போகும் குடும்பம் அதன் வரம்புக்குள் வராது. மேலும், பூட்டு விழுவது வேறு, கிங்பின்னைக் கவ்விக்கொண்டு விழுவது வேறு.

டிரெய்லரைக் கொஞ்சம் அதிகமாக உயர்த்தி வைத்துவிட்டு டிரக்கைப் பின்னால் எடுத்தால், இரண்டு அங்குலத் தடிமனுள்ள கிங்பின் பூட்டின் தாடைகளுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிடலாம். கைப்பிடி பூட்டிய நிலையில் இருப்பதுபோலவே தெரியும். ஓட்டுநர்கள் இதை 'ஹை ஹிச்' என்பார்கள். சமதளத்தில் ஓடிவிட்டு ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். கைப்பிடியை நம்பாதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். டிரெய்லரின் தகட்டுக்கும் டிரக்கில் உள்ள ஹிச்சின் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மாட்டவில்லை என்று அர்த்தம். பிறகு, டிரெய்லரின் முன்கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் இழுங்கள். கழன்றாலும் கால்கள் தாங்கிக்கொள்ளும்.

அதையும் மீறிக் கழன்றால் மிச்சம் இருப்பது பிரேக்அவே ஸ்விட்ச். டிரக்கிலிருந்து வரும் மெல்லிய கம்பி இழுபட்டு முள் பிடுங்கிக்கொண்டால், டிரெய்லரின் பேட்டரி பிரேக்கைப் போட்டுவிடும். பேட்டரி செத்திருந்தால் ஒன்றும் நடக்காது. கம்பியை ஹிச்சிலேயே மாட்டுவது தவறு. ஹிச்சே பெயர்ந்து டிரெய்லரோடு போய்விட்டால் கம்பி இழுபடாது. டிரக்கின் அடிச்சட்டகத்தில் மாட்டுங்கள்.

மற்ற கேள்விகள்:

கூஸ்நெக்? அது பந்தில் மாட்டுவது. கிங்பின் விலக்கு அதற்கு இல்லை, சங்கிலி வேண்டும்.

வேறு மாநிலம்? சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; போகும் வழி முழுவதற்கும் பாருங்கள்.

உரிமம்? கலிஃபோர்னியாவில் ஃபிஃப்த் வீல் 10,000 பவுண்டைத் தாண்டினால் சி உரிமத்தில் தனி ஒப்புதல். 15,000-ஐத் தாண்டினால் வணிகம் சாராத ஏ உரிமம்.

வேகம்? அங்கே 55 மைல்.

ஓடும்போது உள்ளே ஆட்கள் இருக்கலாமா? கலிஃபோர்னியா சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. அனுமதி இருந்தாலும் பிள்ளைகளை டிரக்கில், சீட் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.