காசல் நகரின் நூறு நாள்கள்

ஜெர்மனியின் காசல் நகரில் இப்போது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 100 நாள்கள் நடைபெறும் ‘டாக்குமென்டா’ என்னும் சமகாலக் கலைக் கண்காட்சியை, நாஜி அரசு ‘சீரழிந்த கலை’ என முத்திரை குத்தி ஒடுக்கிய நவீன ஓவியங்களும் சிற்பங்களும் மக்கள் பார்வைக்கு மீள வேண்டும் என்ற நோக்குடன், ஓவியர் ஆர்னோல்ட் போடே 1955இல் தொடங்கினார்.

1982இல் கலைஞர் யோசஃப் பாய்ஸ், கண்காட்சியின் முதன்மை அரங்கான ஃப்ரிடெரிசியானும் கட்டடத்தின் முன் 7,000 பசால்ட் கற்களை, அதாவது எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறைத் தூண்களைக் குவித்து, நகரில் ஒரு மரம் நடப்பட்டால்தான் ஒரு கல் அங்கிருந்து அகன்று அம்மரத்தின் அருகே நிறுத்தப்படும் என விதித்தார். 1986இல் அவர் மறைந்தபோதும் பணி நிற்காமல், மறு ஆண்டு கடைசி மரமும் ஊன்றப்பட்டது. காட்சிக்கூடத்தை விட்டு வெளியேறி ஒரு நகரத்தின் நிழலாகவே கலை மாறியதற்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது.

காசல் நகரில் 1933இல் நாஜிகள் நூல்களை எரித்த அதே சதுக்கத்தில், 2017ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக அர்ஜென்டினக் கலைஞர் மார்த்தா மினுஹின், உலகின் பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட நூல்களைப் பொதுமக்களிடமிருந்து நன்கொடையாகப் பெற்று, அவற்றைக் கொண்டு ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலின் வடிவத்தை எஃகுச் சட்டங்களின் மீது எழுப்பினார். கண்காட்சியின் நிறைவில் அந்நூல்கள் வாசகர்களுக்கே வழங்கப்பட்டன.