இரண்டு படங்களுக்கு நடுவே

படம் பார்த்துக் கதை சொல்லாத குழந்தை உண்டா? எழுத்தறியாத வயதில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நாமாகவே ஒரு கதையைச் சொல்லி முடித்தவர்கள்தாம் நாம் எல்லோரும். அந்தப் படப்புத்தகங்களை நாடகமாக்கிச் சிறுவர் முன் நடித்துக் காட்டும் வழக்கம் இன்று உலகின் பல நகரங்களில் வளர்ந்திருக்கிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் கடினமானது எது, நம்மைப் போன்ற பள்ளி மாணவியரால் அதைச் செய்ய இயலுமா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மேனாடுகளில் சிறுவர்க்கென்றே தனி நாடகக் குழுக்கள் உள்ளன. இங்கிலாந்தில் யூனிகார்ன் நாடகக் குழு 1947 இல் தோன்றியது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சிறுவர் நாடகக் குழு ஒன்று 1965 இல் தொடங்கப்பட்டது. குற்றாலத்துக்குச் சாரல் சீசன் இருப்பதுபோல இத்தகைய அரங்குகளுக்கும் ஒரு சீசன் உண்டு. ஆண்டில் சில மாதங்களை ஒதுக்கி, இன்னின்ன நாடகங்கள் இன்னின்ன வாரங்களில் என்று முன்னரே அறிவித்துவிடுகிறார்கள். பெற்றோர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்நாடகங்களில் பல, படப்புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஜூலியா டொனால்ட்சன் எழுதி, ஆக்செல் ஷெஃப்லர் படம் வரைந்த 'தி கிரஃபலோ' 1999 இல் வெளிவந்தது. தன்னைத் தின்ன வரும் விலங்குகளை ஒரு சிறு சுண்டெலி, இல்லாத பூதம் ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தும் கதை அது. 2001 இல் 'டால் ஸ்டோரீஸ்' என்ற குழு அதை மேடையேற்றியது. மூன்றே நடிகர்கள் எல்லா வேடங்களையும் ஏற்றனர். ரேமண்ட் பிரிக்ஸ் 1978 இல் வெளியிட்ட 'தி ஸ்னோமேன்' என்ற புத்தகத்திலோ சொற்களே இல்லை, முழுவதும் படங்கள்தாம். அதுவும் 1997 இல் லண்டனின் பீகாக் அரங்குக்கு நடன நாடகமாக வந்து, பின்னர் பல கிறிஸ்துமஸ் காலங்களில் அங்கே நிகழ்த்தப்பட்டது.

நம் நாட்டில் என்ன நிலை? தமிழகத்தில் பாலர் நாடகம் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை அமைத்தார். ஆறு வயதில் அதில் சேர்ந்தவர்தான் பிற்காலத்தில் அவ்வை வேடத்தால் புகழ்பெற்ற டி. கே. சண்முகம். ஆனால் அங்கே நடித்தவர்கள் சிறுவர்கள், பார்த்தவர்கள் பெரியவர்கள். பார்ப்பவரும் சிறுவராக அமையும் நாடகம் வேறு வகை. நம் கடலூருக்கு அருகே புதுச்சேரியில் வேலு சரவணன் அவர்கள் 'ஆழி' என்ற குழுவை அமைத்து அத்தகைய நாடகங்களை நடத்தி வந்திருக்கிறார். அவருடைய 'கடல் பூதம்' பள்ளி பள்ளியாகச் சென்ற நாடகம். தமிழில் படப்புத்தகங்களுக்கும் குறைவில்லை. 1957 இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டும், 1996 இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகமும் சிறுவர்க்கான படப்புத்தகங்களைத் தமிழிலும் வெளியிட்டுள்ளன.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். ஒரு படப்புத்தகத்தைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். நாடகமோ அரை மணி, ஒரு மணி நேரம் நடக்கிறது. மிகுதி நேரம் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை, இரண்டு படங்களுக்கு நடுவேயுள்ள இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் குருவி மரத்தில் இருக்கும். அடுத்த பக்கத்தில் அது கடலைத் தாண்டியிருக்கும். நடுவே அது பறந்ததை ஓவியர் வரையவில்லை. பக்கத்தைத் திருப்பும் குழந்தை தன் மனத்திலேயே அதைப் பறக்கவிட்டுக்கொள்கிறது. அந்தப் பறத்தலைக் கண்முன் காட்டுவதே நாடகத்தின் வேலை.

இதனை விளக்க நாம் லண்டன் வரை போக வேண்டியதில்லை. சிதம்பரம் போனால் போதும். நடராசர் கோவிலின் கிழக்குக் கோபுர வாயிலில் நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. அவற்றுக்குரிய சுலோகங்களும் கூடவே பொறிக்கப்பட்டுள்ளன. முதலில் பார்க்கும்போது அவை ஆடாமல் நிற்கும் நிலைகளாகவே தோன்றும். ஆனால் கரணம் என்பது நிலை அன்று, அசைவு என்று ஆராய்ந்து கூறினார் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். சிற்பி ஓர் அசைவின் ஒரு கணத்தை மட்டும் கல்லில் பிடித்து வைத்திருக்கிறார். முன்னும் பின்னும் உள்ளதை ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும்.

நம் ஆலயச் சுவர்களிலும் இப்படி ஒரு படப்புத்தகம் உண்டு. சிலுவைப்பாதையின் 14 நிலைகளைத்தான் சொல்கிறோம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாம் ஒரு படத்தின் முன் முழந்தாளிட்டு, எழுந்து, பாடிக்கொண்டே அடுத்த படத்துக்கு நடக்கிறோம். அந்த நடைதான் அதை வெறும் படமாக விட்டுவிடாமல் ஆண்டவருடன் சேர்ந்து செல்லும் பயணமாக ஆக்குகிறது. ஆறாம் நிலையில் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைக்கும் வெரோணிக்கம்மாளை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் நற்செய்தி நூல்களில் அந்த நிகழ்ச்சி இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் இரக்கப்பட்டவர் ஒருவரேனும் இருந்திருப்பார் என்று மக்களின் பக்தி அந்த இடைவெளியை நிரப்பி, மரபாக நம்மிடம் தந்திருக்கிறது.

சிதம்பரத்தோடு சேர்ந்த மற்றொரு கதையும் இதற்குச் சான்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனார் தில்லைக்குச் செல்ல ஆசைப்படுகிறார். தம் குலத்தை எண்ணித் தயங்குகிறார். 'நாளைப் போவேன்' என்றே நாட்களைக் கழிக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கோபாலகிருஷ்ண பாரதியார், அந்த நாளைக்கும் மறுநாளைக்கும் நடுவே என்ன நடந்தது என்று எண்ணினார் போலும். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைத் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தார். அவர் நிலத்துக்கு உடையவர், போகவிடாமல் தடுப்பவர். அந்த ஒரு பாத்திரத்தால் நந்தனாரின் துயரம் கேட்பவர் நெஞ்சில் தைத்தது. ஆகவே இடைவெளியை நிரப்புவது விளையாட்டு அன்று. அங்கே எதை வைக்கிறோமோ, அதுவே கதையின் பொருளாகிவிடுகிறது.

இந்த உண்மையை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒன்றாம் வகுப்புத் தங்கைகளுக்காக, காணாமற்போன ஆட்டின் கதையை ஒரு படப்புத்தகத்திலிருந்து நாடகமாக்கினோம். முதல் ஒத்திகையில் எங்களில் ஒருத்தி ஒலிபெருக்கி முன் நின்று புத்தகத்தை வாசித்தாள். மற்றவர்கள் படத்தில் உள்ளபடியே அசையாமல் நின்றோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கைகள் திரும்பி உட்கார்ந்து ஒருவர் ரிப்பனை ஒருவர் அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினோம். கூத்தில் இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து வேடம் வெளிப்படும். எங்களுக்கு அத்திரையே பக்கம் திருப்புவதாயிற்று. பழைய புடவை ஒன்றை இருவர் பிடித்தோம். வாசித்தவளைக் கட்டியங்காரனாக மாற்றினோம். அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் குழந்தைகளோடு பேசினாள். மேய்ப்பர் ஆடுகளை எண்ணும்போது தங்கைகளையே மந்தையாக்கி எண்ணினோம். "தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது..." என்று மேய்ப்பர் நிறுத்தியதும் அறை முழுவதும் அமைதியாகிவிட்டது. புத்தகத்தில் ஒரே வரியாக இருந்த தேடலுக்கு மேடையில் ஏழு நிமிடம் பிடித்தது. கொட்டாங்கச்சியைத் தட்டினால் காலடி ஓசை, கோணியை உதறினால் முட்புதர்.

அப்பொழுதுதான் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "அக்கா, மேய்ப்பர் போயிட்டா மத்த ஆட்டை யார் பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். நாங்கள் திகைத்து நின்றோம். புத்தகத்தில் விடை இல்லை. நாடகம் முடிந்ததும் எங்கள் வகுப்புச் சகோதரியிடம் ஓடினோம். "நம் ஆண்டவரும் அதைச் சொல்லாமல்தான் விட்டிருக்கிறார். நீங்கள் ஏன் சொல்லப் போகிறீர்கள்? அவர்களையே கேளுங்கள்" என்றார் சகோதரி.

அடுத்த முறை அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திக் கட்டியங்காரன் கேட்டாள். ஒருத்தி நாய் பார்த்துக்கொள்ளும் என்றாள். ஒருத்தி சாமி பார்த்துக்கொள்வார் என்றாள். சென்ற முறை கேள்வி கேட்ட அதே சிறுமி சற்று யோசித்து, "நாங்களே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேய்ப்பர் திரும்பி வரும் வரை வரிசை முழுவதும் கைகோத்தபடியே இருந்தது. நாங்கள் எழுதியிருந்தால் இவ்வளவு நல்ல காட்சியை எழுதியிருக்க மாட்டோம்.

எனவே, முயல விரும்பும் தோழியர்க்கு நாங்கள் சொல்லக்கூடியவை இவை. குறைந்த பாத்திரங்களும், திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லும், ஒரு பயணமும் உள்ள புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். திரும்ப வரும் சொல்லைக் குழந்தைகள் இரண்டாம் முறையே பிடித்துக்கொண்டு உடன் சொல்வார்கள். ஒவ்வொரு படத்தையும் தனித்தாளில் வரைந்து தரையில் வரிசையாக வையுங்கள். தாள்களுக்கு நடுவே நின்று, இங்கிருந்து அங்கே எப்படிப் போனார்கள் என்று நடித்துப் பாருங்கள். பேச்சைக் குறையுங்கள். சிறுவர்க்கு இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எல்லா இடைவெளியையும் நீங்களே நிரப்பிவிடாமல், ஒன்றையேனும் பார்ப்பவர்க்கென்று விட்டுவையுங்கள். பருவத்துக்கு ஒரு புத்தகம் என்று எடுத்தால் ஆண்டுக்கு மூன்று நாடகங்கள் ஆகும். அதுவே நம் பள்ளியின் சீசன்.

நாங்கள் இவ்வாண்டு பொதுத்தேர்வு எழுதிப் பள்ளியைவிட்டுச் செல்ல இருக்கிறோம். அந்தப் பழைய புடவையையும் கொட்டாங்கச்சிகளையும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைத்துவிட்டோம். பக்கத்தைத் திருப்பும் பொறுப்பு இனி அவர்களுடையது.