எடைப்பொறி கொழுப்பைக் கணிக்கும் விதம்

வெறுங்காலுடன் ஏறி நின்றவுடன் உடற்கொழுப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காட்டும் எடைப்பொறி, உண்மையில் கொழுப்பை நேரே அளப்பதில்லை. பாதங்களின் கீழுள்ள உலோகத் தகடுகள் வழியாக, பெரும்பாலும் வினாடிக்கு 50,000 சுற்றுக்கள் கொண்ட மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, உடலின் மின்தடையையே அது அளக்கின்றது. தசையில் நீரும் உப்புக்களும் மிகுதியாதலால் மின்சாரம் எளிதிற் பாயும். கொழுப்பில் தடை மிகும். கொழுப்பு நீங்கிய உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பங்கு நீரே என்னும் அடிப்படையில், உயரம், எடை, வயது, பால் ஆகியவற்றையும் சேர்த்துச் சூத்திரத்தினால் விடை பெறப்படுகின்றது.

மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குவதால், மேலுடலைப் பற்றிய கணிப்பு பெரும்பாலும் ஊகமே. நீர் வற்றிய உடல் கொழுத்த உடலாகத் தோன்றும். எனவே ஒரு நாளைய எண்ணைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. ஒரே வேளையில் அளந்து, பல வாரப் போக்கை நோக்குதலே பயன் தரும். இதயமுடுக்கி பொருத்தப்பெற்றோர் இக்கருவியைத் தவிர்த்தல் வேண்டும்.