காலுக்கு எட்டாத மோட்டார் சைக்கிள்: தாழ்த்தினால் என்ன ஆகும்?

மாதத் தவணையில் எடுத்த பந்தய ரக மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஏறி உட்கார்ந்தால் கால் விரல் நுனி மட்டுமே தரையைத் தொடுகிறது. சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கும் போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. சற்றுச் சாய்ந்தால் சுமார் 140 கிலோ எடையைச் சுண்டு விரலால் தாங்க முடியுமா? ஒருமுறை கீழே போட்டால் பக்கவாட்டுக் கவசம் உடைந்து, அந்த மாதத் தவணையைப் போல இன்னொரு செலவு வந்து சேரும்.

இந்தச் சங்கடத்துக்கு ஆளாகிறவர்கள் பலர். யமஹா ஆர் 15 வண்டியின் இருக்கை தரையிலிருந்து 815 மில்லிமீட்டர் உயரம். ஊரில் எல்லாரும் ஓட்டிப் பழகிய ஸ்பிளெண்டரில் அது 785 தான். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ள ஒருவருக்கு அந்த மூன்று சென்டிமீட்டர்தான் பாதம் முழுவதும் பதிவதற்கும் விரல் நுனியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

"கவலையை விடுங்க, ஒரு இஞ்சு இறக்கிடலாம்" என்கிறார் தெருமுனை மெக்கானிக். அரை நாள் வேலை, செலவும் அதிகமில்லை. கால் தரையில் பதிகிறது. வண்டியும் தாழ்ந்து, புலி பதுங்கியதுபோல் கம்பீரமாக நிற்கிறது. அந்த ஒரு அங்குலத்துக்கு வண்டி எதையெல்லாம் விலையாகக் கொடுக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எப்படி இறக்குகிறார்கள்?

முன்புறம் எளிது. ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே தள்ளி மறுபடி இறுக்கிவிட்டால் முன்பகுதி தாழும். பின்புறத்தில் ஒற்றை ஷாக் அப்சார்பரும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் இணைப்புத் தகடுகளால் கோக்கப்பட்டிருந்தால், அந்தத் தகடுகளை எடுத்துவிட்டுச் சற்று நீளமானவற்றைப் போடுவார்கள். கேடிஎம் ஆர்சி 390 போன்ற சில வண்டிகளில் இந்த இணைப்பே கிடையாது. ஷாக் நேராக ஸ்விங் ஆர்மில் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே சிலர் ஸ்பிரிங்கையே அறுத்துவிடுகிறார்கள். இதைவிட மோசமான வேலை வேறில்லை. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். அமுங்கும் தூரமும் குறையும். கடைசியில் வண்டி குதிரை வண்டியாகிவிடும்.

சாய்மானக் கணக்கு

பின்பக்கத்தை மட்டும் இறக்குவதுதான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் கால் எட்ட அதுவே போதும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆர் 15 வண்டியின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 1325 மில்லிமீட்டர். பின்பக்கம் 25 மில்லிமீட்டர் தாழ்ந்தால் வண்டி முழுவதும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. முன் ஃபோர்க்கின் சாய்வும் அதே ஒரு டிகிரி கூடுகிறது.

ஒரு டிகிரிதானே என்று தள்ளிவிட முடியாது. ஃபோர்க்கின் திருப்பு அச்சை நேர்கோடாகத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். தள்ளுவண்டிச் சக்கரம் தானாகத் திரும்பி நேராக ஓடுவதும் இதே தத்துவத்தால்தான். சாய்வு ஒரு டிகிரி கூடினால் டிரெயில் ஐந்தாறு மில்லிமீட்டர் கூடும். நேர்ச் சாலையில் வண்டி கொஞ்சம் அதிக நிதானத்துடன் போகும். திருப்பும்போது மட்டும் கைப்பிடி கனக்கும், வளைவில் வண்டி தாமதமாக இறங்கும், வெளிப்பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். பேருந்துகளுக்கு இடையே சட்டென்று விலக வேண்டிய ஒருவருக்கு இந்தத் தாமதம் சிறிய விஷயமல்ல.

முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் இதற்கு நேர் எதிர். டிரெயில் குறையும், வண்டி தொட்டவுடன் திரும்பும். நகரத்துக்குள் சுகமாகத் தோன்றும் இந்தச் சுறுசுறுப்பு, ஓசூர் நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போது கைப்பிடி படபடவென்று ஆடுவதில் போய் முடியலாம். ஆகவே இறக்கித்தான் தீரவேண்டும் என்றால் முன்னும் பின்னும் சம அளவில் இறக்குவதே முறை. அப்போது சாய்வு மாறாது. ஆனால் தரை இடைவெளி இரண்டு பக்கமும் போய்விடும்.

தஞ்சாவூர்ப் பொம்மை அல்ல

"கனம் கீழே இறங்கினால் வண்டி கவிழாது" என்று ஒரு வாதம் உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு அது சரி. அகலமாகக் கால் பரப்பி நிற்கும் லாரிக்கும் சரி. இரண்டு சக்கரத்தில் ஓடுவது வேறு வித்தை. உள்ளங்கையில் துடைப்பக் கட்டையை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிற்கும். பென்சிலை நிறுத்திப் பாருங்கள், உடனே விழும். உயரமானது மெதுவாகச் சாய்கிறது. கைக்குச் சமாளிக்க அவகாசம் கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளும் அந்த ஜாதிதான்.

வளைவில் இன்னொரு இழப்பும் உண்டு. வண்டி சாய்ந்தால்தான் திரும்பும். கால் வைக்கும் கம்பியின் நுனி நடுக்கோட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 45 டிகிரி வரை சாயலாம். இரண்டரை சென்டிமீட்டர் இறக்கியபின் அது 43 டிகிரியாகிறது. அலுவலகம் போய்வருகிறவர் அந்தக் கோணத்துக்கு ஒருநாளும் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும்போது பின்னால் மனைவி, முதுகில் பை, பக்கத்தில் மூட்டை. ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கிவிட்டது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், சாய்ந்த நிலையில் ஒரு பள்ளம் வந்தால் மீதியும் அமுங்கும். பக்கவாட்டு ஸ்டாண்டோ சைலன்சரோ தரையில் ஊன்றினால், நெம்புகோல்போல் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். அதற்குப் பின் ஓட்டுபவர் கையில் ஒன்றுமில்லை.

டிராக் பந்தயக்காரர்கள் இறக்குகிறார்களே?

இறக்குகிறார்கள், அவர்களுக்கு அதில் லாபமும் இருக்கிறது. ஹயபூசா போன்ற ராட்சச வண்டிகளில் திராட்டிலை முழுவதும் திருப்பினால் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். கனத்தைத் தாழ்த்தி, ஸ்விங் ஆர்மை நீட்டினால் முன்சக்கரம் தரையில் இருக்கும்; அத்தனை சக்தியும் முன்னோக்கிப் போகும். முன் ஃபோர்க்கைப் பட்டை போட்டு அமுக்கிக் கட்டுவதும் அதற்காகத்தான். ஆனால் அந்த வண்டி கால் மைல் நேராக ஓடினால் போதும்; திரும்ப வேண்டியதில்லை. சுமார் 18 குதிரைத் திறன் உள்ள 150 சிசி வண்டிக்கு முன்சக்கரம் தூக்கும் நோயே கிடையாது. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?

பிரேக் விஷயத்தில் மட்டும் ஒரு சிறு ஆதாயம் சொல்லலாம். கனம் தாழ்ந்தால் பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாயும் எடை கொஞ்சம் குறையும். ஆனால் அமுங்கும் தூரம் குறைந்த ஷாக் மேடுபள்ளத்தில் அடியில் முட்டும். முட்டியதும் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? நம் சாலைகளில் இந்த ஆதாயம் கைக்கு வருமுன்பே கரைந்துவிடும்.

வேகத்தடை என்னும் வில்லன்

இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான மேடாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மெதுவாக ஏறி இறங்கும் ஆர் 15 வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியே போதும். ஆனால் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் தடைகள் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டா முளைக்கின்றன? குறுகலாக, செங்குத்தாக நிற்கும் அந்த மேடுகளில், தாழ்த்திய வண்டியின் எஞ்சின் அடிப்பாகமே முதலில் மோதும். எண்ணெய்த் தொட்டி விரிசல் விட்டால் செலவு தகடு வாங்கிய காசைப்போல் பல மடங்கு.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஸ்விங் ஆர்மை நீட்டினால் சான்றிதழில் உள்ள அச்சு இடைவெளியே மாறிவிடும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்துக்குப்பின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் இழப்பீட்டில் தகராறு வருவதற்கும் இடமுண்டு.

கால் எட்டாதவர் வேறு என்ன செய்வது?

முதலில் இருக்கையைப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பாஞ்சை இரண்டு சென்டிமீட்டர் செதுக்கி, முன்பகுதியை ஒடுக்கமாக்கித் தைத்தால் கால் நேராக இறங்கும். அகலமான இருக்கை தொடையை விரித்து, இருக்கிற உயரத்தையும் தின்றுவிடுகிறது. சீட் கவர் தைக்கிற நல்ல கைகாரர் ஒருவர் இதைச் செய்துவிடுவார். சக்கரமும் ஷாக்கும் தொடப்படாமல் இருக்கும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும் உதவும். சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, இருக்கையில் சற்று இடப்பக்கம் நகர்ந்து இடது காலை முழுதாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்துப் பழகுவது இன்னும் நல்லது. உயரம் குறைந்த பந்தய வீரர்கள் பலரும் இப்படித்தான் நிற்கிறார்கள். இன்னும் வாங்காதவர்கள், மீட்டியர் 350 வண்டியின் இருக்கை 765 மில்லிமீட்டர், அவெஞ்சருடையது 737 என்பதையும் யோசிக்கலாம். பந்தய வேடம் இல்லை என்பதுதான் குறை.

ஏற்கெனவே இறக்கியவர்கள் சிலவற்றைச் சரிபார்ப்பது அவசியம். பின்பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். அதைத் திருத்த வேண்டும். பக்கவாட்டு ஸ்டாண்டு இப்போது நீளம்; வண்டி நிமிர்ந்து நின்று, காற்றடித்தால் மறுபக்கம் விழும். செயினுக்குப் பழைய தளர்வு அளவு பொருந்தாது. முன் பற்சக்கரம், ஸ்விங் ஆர்மின் கீல், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும், அங்கே வைத்துப் பார்த்து அமைக்க வேண்டும். ஷாக் முழுவதும் அமுங்கும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா, முன்சக்கரம் ரேடியேட்டரைத் தொடுகிறதா என்பதையும் மெக்கானிக் முன்னிலையிலேயே சோதித்துவிடலாம். கழற்றிய பழைய தகடுகளையும் போல்ட்டுகளையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வீட்டில் வைத்திருந்தால், வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.